இடுப்பளவு நீரில் பாதி எடை
வாசகர் கேள்விகளும் இயன்முறை மருத்துவரின் பதில்களும்

விளையாட்டுக் காயங்களுக்குப் பின் தண்ணீரில் செய்யும் பயிற்சியைப் பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்குரிய பதில் நீண்டுவிட்டது. மற்ற மூவருக்கும் வேண்டிய அடிப்படைச் செய்திகள் அதிலேயே இருப்பதால், எல்லோரும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 23 வயது. மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமம். எங்கள் ஊர்க் கபடி அணியில் பாடிச் செல்பவன். ஆட்டத்தில் திரும்பும்போது வலது முழங்கால் திருகி, அதற்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்துவிட்டது. ஆவணி முதல் வாரத்தில், பின்தொடையிலிருந்து தசைநார் எடுத்துப் புது ஜவ்வு வைத்து அறுவை செய்தார்கள். இப்போது ஏழு வாரம் ஆகிறது. கைத்தடி இல்லாமல் நடக்கிறேன், வலியும் இல்லை. தண்ணீரில் பயிற்சி செய்தால் சீக்கிரம் ஆடலாம் என்று அணியில் மூத்த அண்ணன் ஒருவர் சொல்கிறார். பக்கத்தில் நீச்சல் குளம் கிடையாது. கோயில் குளம், வாய்க்கால், எங்கள் வயலில் பம்புசெட்டுத் தொட்டி மூன்றும் உண்டு. எதில் இறங்கலாம்? பொங்கல் ஆட்டத்துக்குள் தயாராகிவிட முடியுமா?

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முடியாது. ஆவணியில் அறுவை செய்துகொண்ட உங்களுக்குத் தை பிறக்கும்போது ஐந்து மாதம்தான் நிறைந்திருக்கும். முழங்காலைத் திருப்பி ஆடும் எந்த விளையாட்டுக்கும் ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பக்கூடாது என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முழங்கால் மறுபடி காயப்படும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று நார்வே நாட்டு ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே வைகாசியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் காலின் வலு சரியாக இருந்தால் மட்டுமே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் உள்ள 'வலியும் இல்லை' என்ற சொற்கள்தான். பின்தொடையிலிருந்து எடுத்து வைத்த அந்த நார் உடனே ஜவ்வாகிவிடுவதில்லை. அதற்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, பழைய இழைகள் கரைந்து, புதிய இழைகள் உருவாக வேண்டும். அந்த மாற்றத்தின் நடுவில், ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, அது வைத்த நாளில் இருந்ததைவிட வலுக் குறைந்து இருக்கும். வீக்கம் வடிந்து, நடை சீராகி, ஆளுக்கு நம்பிக்கை வரும் நாட்களும் அவையே. நீங்கள் இப்போது அந்த நாட்களில்தான் இருக்கிறீர்கள்.

இனித் தண்ணீருக்கு வருவோம். நீரில் இறங்கிய உடலை நீர் மேல்நோக்கித் தாங்குகிறது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்களில் அவர் எடையில் ஏறத்தாழப் பாதியே இறங்கும். நெஞ்சளவில் அது மூன்றில் ஒரு பங்காகவும், கழுத்தளவில் பத்தில் ஒரு பங்காகவும் குறையும். 70 கிலோ எடையுள்ள ஆள் கழுத்தளவு நீரில் நிற்கும்போது கால்கள் தாங்குவது சுமார் ஏழு கிலோதான். மருந்துக்கு மில்லிகிராம் எப்படியோ, நீர்ப் பயிற்சிக்கு ஆழம் அப்படி. இது நின்ற நிலைக்குரிய கணக்கு என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். வேகமாக நடந்தாலோ குதித்தாலோ அதே ஆழத்தில் சுமை கூடும்.

நீர் செய்யும் இரண்டாவது உதவி அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் இரத்த அழுத்தக் கருவியின் கணக்கில் சுமார் 74 அளவு. நான்கடி நீரில் நிற்பவரின் பாதத்தைச் சுற்றி அது கிட்டத்தட்ட 90 ஆகிறது. எந்தக் கட்டுத்துணியும் இவ்வளவு சமமாக எல்லாப் பக்கமும் பிடிக்காது. நீரில் இருக்கும் நேரத்தில் கால் வீக்கம் குறைவதற்கு இதுவே காரணம். மூன்றாவது உதவி எதிர்ப்பு. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது, அதில் காலை வீசும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நீர் எதிர்க்கும் விசை நான்கு மடங்காகிறது. காலை நிறுத்தினால் எதிர்ப்பும் அந்தக் கணமே நின்றுவிடும். இரும்புக் குண்டுக்கு இந்தக் குணம் இல்லை. வலி வந்தபின்னும் அதை யாராவது கீழே இறக்கி வைக்க வேண்டும்.

உங்கள் ஊரிலுள்ள மூன்று இடங்களில் நான் பம்புசெட்டுத் தொட்டியைத்தான் சொல்வேன். கோயில் குளத்தின் படிகளில் பாசி இருக்கும். கடைசிப் படிக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்பது மழைக்கு மழை மாறும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் சேரும். வாய்க்காலில் ஓட்டம் காலைப் பக்கவாட்டில் தள்ளும்; நீங்கள் தடுக்க வேண்டிய திருகலே அதுதான். வயல்களில் தெளித்த பூச்சிமருந்தும் வடிந்து அதற்குள்தான் வருகிறது. மணல் எடுத்த பள்ளங்கள் கொள்ளிடத்தில் எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கின்றன என்பது நம் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் ஒரு கால் வலுவிழந்த நிலையில் ஆற்றில் இறங்கக்கூடாது. பம்புசெட்டுத் தொட்டியில் ஆழம் தெரிந்த ஆழம், நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்த புது நீர், விடியற்காலையில் அது வெதுவெதுப்பாகவும் இருக்கும்.

ஆனால் அதற்கும் ஒழுங்கு உண்டு. அறுவைத் தழும்பு முழுவதும் மூடி, கசிவோ பொருக்கோ இல்லாமல் இருக்க வேண்டும். அறுவை செய்த மருத்துவரிடம் 'நீரில் இறங்கலாமா' என்று கேட்டு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தொட்டியை நிரப்பியதும் மோட்டாரை நிறுத்தி மெயினையும் அணைத்துவிட வேண்டும். மின்கம்பி தொட்டிச் சுவரை ஒட்டியோ நீரைத் தொட்டோ போனால் அந்தத் தொட்டி வேண்டாம். தரையைத் தேய்த்துக் கழுவி, வார் வைத்த ரப்பர் செருப்பு அணிந்து, ஸ்டூல் போட்டு இறங்குங்கள். சுவரேறிக் குதிப்பது கூடாது. வெளியே ஏறும்போது முழு எடையும் திடீரென்று காலுக்குத் திரும்பும் என்பதால் அப்போது ஒருவர் கை கொடுக்க வேண்டும். தனியாக ஒருநாளும் இறங்காதீர்கள்.

இடுப்பளவு நீரில் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முதலில் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடப்பது, பின் பக்கவாட்டில் அடி வைப்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் உட்காரப் போவதுபோலப் பாதி அமர்ந்து எழுவது என்று தொடங்கலாம். அடுத்து, அறுவை செய்த காலில் மட்டும் நின்றுகொண்டு, நண்பரை உங்களைச் சுற்றித் தண்ணீரைக் கையால் கலக்கிவிடச் சொல்லுங்கள். எந்தப் பக்கமிருந்து தள்ளும் என்று தெரியாத அலையில் நிலைகுலையாமல் நிற்கப் பழகுவது முழங்காலுக்கு மிக நல்ல பாடம். வாரம் மூன்று நாள், 20 முதல் 25 நிமிடம் போதும். உங்களுக்குப் பின்தொடை நாரை எடுத்திருப்பதால், குதிகாலை நீரில் பின்னால் வேகமாக உதைக்கும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் வரை செய்யாதீர்கள். தவளைபோலக் காலை விரித்து உதைக்கும் நீச்சல் அதற்குப் பிறகும் பல மாதங்களுக்கு வேண்டாம். மறுநாள் காலையில் முழங்கால் சில்லின் நடுவில் தையல்காரர் நாடாவால் அளந்து பாருங்கள். வழக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி ஒன்று உண்டு. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்தன. 1924இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்றில் இறங்கியபோது அவரால் நீருக்குள் நிற்கவும் நடக்கவும் முடிந்தது. அந்த மகிழ்ச்சியில் 1926இல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கி மற்ற நோயாளிகளுக்கும் திறந்துவிட்டார். ஆனாலும் தரையில் அவர் கடைசிவரை இரும்புப் பட்டைகளைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். அவருடைய நோய் வேறு, உங்கள் காயம் வேறு. என்றாலும் நீரில் முடிகிற ஒன்று தரையிலும் முடியும் என்று எண்ணிவிடக்கூடாது என்பது இருவருக்கும் பொது. நீர் எடையைக் குறைப்பதால்தான் உதவுகிறது. அதே காரணத்தால்தான் அது மட்டும் போதாமலும் போகிறது. எலும்பும் தசையும் முழு எடையைத் தாங்கிப் பழகத் தரைப் பயிற்சி வேண்டும். நீரில் இறங்கும் நாட்களிலும் உங்கள் இயன்முறை மருத்துவர் கொடுத்த தொடைப் பயிற்சிகளை விடாதீர்கள்.

கபடியில் முழங்காலுக்கு உண்மையான சோதனை, திரும்பும் நேரத்தில் எதிரணியினர் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் கணம். எந்தத் தொட்டியிலும் அதை ஒத்திகை பார்க்க முடியாது. வலது தொடையின் வலு இடது தொடையின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டி, ஒற்றைக்கால் தாவலில் இரு கால்களும் ஏறக்குறைய ஒரே தூரம் தாவி, பிறகு ஒருவர் மட்டும் மெதுவாகப் பிடிக்க, பிறகு வேகமாகப் பிடிக்க, அதன்பின் சங்கிலி போட்டுப் பிடிக்க என்று படிப்படியாகக் களத்துக்கு வாருங்கள். அண்ணனிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடுகிறாள். கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் என்று ஸ்கேனில் தெரிந்து ஆறு வாரம் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டே இருக்கிறாள். 'மூச்சுப் போய்விடும், இத்தனை நாள் உழைப்பும் வீண்' என்கிறாள். தண்ணீருக்குள் ஓடலாம் என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்கிறார். அது உண்மையா? பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்றும் தயக்கமாக இருக்கிறது. (ஒரு தாய், மயிலாடுதுறை)

பதில்: உண்மைதான் அம்மா, பயிற்சியாளர் நல்ல வழியைச் சொல்லியிருக்கிறார். இடுப்பில் மிதவைப் பெல்ட் கட்டிக்கொண்டு, கால் தரையைத் தொடாத ஆழத்தில் நிமிர்ந்த நிலையில் ஓடுவதுபோலக் கைகால்களை இயக்குவதே அந்தப் பயிற்சி. பாதம் எதிலும் மோதாததால் விரிசல் விழுந்த எலும்புக்கு அடி விழாது. இதயமும் நுரையீரலும் மட்டும் ஓட்டத்துக்குரிய உழைப்பைப் பெறும். பழகிய ஓட்டக்காரர்கள் நான்கு வாரம் தரையில் ஓடாமல் இந்தப் பயிற்சியை மட்டும் செய்தும் மூச்சுத் திறனை இழக்கவில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மகளிடம் இதைச் சொல்லுங்கள், அழுகை பாதி நிற்கும்.

செய்முறையில் இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். சைக்கிள் மிதிப்பதுபோல முழங்காலை மட்டும் சுற்றுவது ஒன்று. அதில் வேலையே இருக்காது. முழங்காலை முன்னால் உயர்த்தி, பிறகு முழுக்காலையும் இடுப்பிலிருந்து பின்னோக்கித் தள்ள வேண்டும். உள்ளங்கையைக் குவித்துத் துடுப்புபோல நீரைத் தள்ளுவது இன்னொன்று. விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டு, ஓடும்போது கை ஆடுவதுபோலவே ஆட்ட வேண்டும். அவள் 800 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடுபவள் என்றால், இரண்டரை நிமிடம் முழுமூச்சாக, ஒரு நிமிடம் மெதுவாக என்று ஆறு முறை செய்யலாம். நீரில் நாடித்துடிப்பு தரையில் இருப்பதைவிட நிமிடத்துக்குப் பத்து முதல் பதினைந்து வரை குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து உழைப்புப் போதவில்லை என்று நினைத்து மேலும் வருத்திக்கொள்ளக்கூடாது. பேச முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்பதைக் கொண்டு அளப்பது நல்லது.

இதற்கு ஆழமான நீச்சல் குளமும் உயிர்காப்பாளரும் கட்டாயம் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் போன்ற இடத்துக்கு வாரம் இரண்டு நாளாவது கூட்டிச்செல்ல முடியுமானால் செய்யுங்கள். மற்ற நாட்களில் வீட்டில் வயிறு, இடுப்புத் தசைப் பயிற்சி போதும். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உடலை ஒட்டிய டி-சர்ட்டும் கணுக்கால் வரை உள்ள லெக்கின்ஸும் அணியலாம். சுடிதாரும் துப்பட்டாவும் நீரில் கனத்துக் காலில் சுற்றிக்கொள்ளும். மாதவிலக்கு நாட்களில் நீரில் இறங்குவதால் உடலுக்குத் தீங்கு எதுவும் இல்லை, அவளுக்கு விருப்பம் இல்லையென்றால் அந்த நாட்களை ஓய்வாக வைத்துக்கொள்ளலாம்.

அதைச் சொல்லும்போது உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? எடை கூடிவிடும் என்று சாப்பாட்டைக் குறைக்கிறாளா? ஓடும் பெண் பிள்ளைகளுக்கு எலும்பில் விரிசல் விழுவதற்கு அதிக ஓட்டம் மட்டும் காரணமாக இருப்பதில்லை. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாதபோது உடல் முதலில் மாதவிலக்கை நிறுத்தும், பிறகு எலும்பைக் கரைக்கும். மூன்று மாதமாக வரவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். தண்ணீர்ப் பயிற்சி எவ்வளவு நன்றாக நடந்தாலும் இந்தக் குறை தீராமல் அவளைத் தடத்துக்கு அனுப்பினால் இன்னொரு விரிசல் காத்திருக்கும்.

ஆறு வாரம் முடிந்ததும் நேரே மைதானத்துக்குப் போகக்கூடாது. அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிந்தபின், நெஞ்சளவு நீரில் தரையைத் தொட்டு ஓட்டம், பிறகு இடுப்பளவில், அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையும் என்று போக வேண்டும். விரிசல் எலும்பின் முன்விளிம்பில் இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால் அது ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம், அப்போது இந்தக் கால அளவு பொருந்தாது. அறிக்கையை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் அதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

கேள்வி: நான் 45 வயதான உடற்கல்வி ஆசிரியர். பூப்பந்தாட்டம் ஆடுபவன். வலது தோள்பட்டையில் தசைநார் பகுதியளவு கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். தோளுக்கு நீச்சல் நல்லது என்று கேள்விப்பட்டு ஒரு மாதமாகத் தினமும் அரை மணி நேரம் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறேன். வலி கூடியிருக்கிறது. எங்கே தவறினேன்? (தஞ்சாவூர்)

பதில்: பூப்பந்தாட்டம் பிறந்த ஊர்க்காரர் நீங்கள், அந்த ஆட்டத்தை விட மனம் வராது என்பது புரிகிறது ஐயா. நீந்துவது வேறு, நீரில் பயிற்சி செய்வது வேறு என்பதுதான் இங்கே தவறிய இடம். ஃப்ரீஸ்டைலில் கை ஒவ்வொரு முறையும் தலைக்கு மேலே போய், உட்புறமாகத் திரும்பி, நீரைப் பிடித்து இழுக்கிறது. அரை மணி நேரத்தில் இது பல நூறு முறை நடக்கிறது. கிழிந்த நாரைத் தோள் எலும்புக்கு அடியில் அத்தனை முறை உரசியிருக்கிறீர்கள். காயமே இல்லாத நீச்சல் வீரர்களுக்கும் தோள்வலி அடிக்கடி வருவது இதனால்தான்.

நீச்சலை இன்றே நிறுத்திவிட்டு, அதே குளத்தில் கழுத்தளவு நீரில் நில்லுங்கள். கையைத் தளரவிட்டால் நீரே அதை மேலே கொண்டுவரும். அதனோடு மிக மெதுவாக, மூன்று எண்ணும் நேரத்தில் தோள் உயரம் வரை உயர்த்தி, அதே நிதானத்தில் இறக்குங்கள். இவ்வாறு மெதுவாக உயர்த்தும்போது தோளைத் தாங்கும் சிறு தசைகள் தரையில் உழைப்பதில் நான்கில் ஒரு பங்கு அளவே உழைக்கின்றன என்று தசை மின்னலைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் கையை வேகமாக உயர்த்தினால் அந்தச் சலுகை முழுவதும் மறைந்து, தரையில் உழைக்கும் அளவுக்கே உழைக்க நேர்கிறது. உங்களுக்கு ஆழத்தைவிட வேகம்தான் மருந்தின் அளவு. மூன்று வாரம் நிதானம், பிறகு சற்று வேகம், அதன்பின் உள்ளங்கையை விரித்து எதிர்ப்பைக் கூட்டுவது, பிறகு தரையில் ரப்பர் பட்டை என்று வாருங்கள். தலைக்கு மேலே மட்டையை ஓங்கி அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டைக் காட்டிக்கொடுக்கும்போது இடது கையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வயது 58. இளமையில் கால்பந்து ஆடிய முழங்கால் இப்போது தேய்ந்திருக்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. கடலில் நின்று பயிற்சி செய்யலாமா? யார் யார் நீரில் இறங்கக்கூடாது? (நாகப்பட்டினம்)

பதில்: கடல் வேண்டாம். உப்புநீர் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் அலை பின்வாங்கும்போது காலடி மணலையும் சேர்த்து இழுப்பதால் தேய்ந்த முழங்கால் ஒவ்வொரு முறையும் திருகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் உங்கள் கடலின் குணம் உங்களுக்கே தெரியும். நெஞ்சளவு ஆழமுள்ள நீச்சல் குளத்தில் முன்னும் பின்னுமாக நடப்பது உங்களுக்கு மிகவும் ஏற்றது.

ஆறாத புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தொற்றுள்ள தோல் நோய், செவிப்பறையில் ஓட்டை, கட்டுக்குள் வராத வலிப்பு, படுத்தால் மூச்சுத் திணறும் அளவுக்கு இதய பலவீனம் ஆகியவை உள்ளவர்கள் இறங்கக்கூடாது. கழுத்தளவு நீரின் அழுத்தம் கால் இரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுவதால் பலவீனமான இதயம் திணறும். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் இரத்தம் கட்டியிருக்கக்கூடும், குளத்துக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ போட்டுக்கொள்ளும் நீங்கள் வெறும் வயிற்றில் இறங்காதீர்கள், கரையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் வைத்திருங்கள். பாதத்தில் மரமரப்பு இருந்தால் குளத்தின் தரை உரசி இரத்தம் வந்தாலும் தெரியாது. செருப்போடு இறங்கி, வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்துவிட்டு, இரு உள்ளங்கால்களையும் வெளிச்சத்தில் பார்க்கும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.